பழைய புல்லட்டில் செயினைக் கழற்றி மாட்டுவது: முழுமையான வழிகாட்டி

வலது காலில் கியர், இடது காலில் பிரேக், வார்ப்பிரும்பு எஞ்சின், தனியாக நிற்கும் நான்கு கியர் பெட்டி. 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கி, எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே உறையில் அமைந்த யூனிட் எஞ்சின் வரும்வரை அடிப்படை மாறாமல் ஓடிய அந்தப் பழைய என்ஃபீல்டு புல்லட் 350-க்கான வழிகாட்டி இது. 500-க்கும் பெரும்பாலும் பொருந்தும். வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் லாக் (செயினின் இரு முனையையும் சேர்க்கும், கிளிப் போட்ட கழற்றக்கூடிய லிங்க்) மாட்டுவது, இழுவை (செயினின் இறுக்கம்) பார்ப்பது, சக்கரத்தை நேர் பார்ப்பது எல்லாம் இதேதான்.

ஆனால் புல்லட்டில் ஒரு விஷயம் தனி. மற்ற பல வண்டிகளில் நாலு போல்ட்டைக் கழற்றினால் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். புல்லட்டில் அது கிளட்சுக்கும், அதை எஞ்சினோடு இணைக்கும் செயின் இருக்கும் பிரைமரி கேஸுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. செயின் அந்த இடுக்குக்குள் போய், ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி, கீழ்வழியாக வெளியே வருகிறது. கை நுழையாது. அதனால் இந்த வேலையின் முதல் விதி: பழைய செயினை முழுதாக உருவி எடுக்கக் கூடாது. புதுச் செயினை அதன் வாலில் கோத்து, பழையதை இழுத்தால் புதியது தானாக உள்ளே போய் வெளியே வரும். இதைத் தெரியாமல் உருவிவிட்டவர்கள்தான் அரை மணி நேர வேலைக்கு அரை நாள் கம்பி விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

மாற்ற வேண்டியதுதானா?

செயின் நீண்டுபோச்சு என்கிறோம். தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு இணைப்பில் மயிரிழை அளவு தேய்ந்தாலும் நூறு இணைப்பில் அது விரற்கடையாகச் சேர்ந்துவிடும். ஆகவே கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட அளந்து பார்ப்பதே சரி.

புல்லட் செயின் 530 வகை. ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு ஐந்தெட்டு அங்குலம், அதாவது 15.875 மி.மீ. உள் அகலம் மூன்றெட்டு அங்குலம். 20 இடைவெளிக்கு, அதாவது 21 பின்களுக்கு, புதுச் செயினில் 317.5 மி.மீ. இருக்க வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இக்னிஷனை அணைத்து, முதல் கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கி அழுத்திப் பிடித்தால் கீழ்ச் செயின் விறைத்து நிற்கும். அந்த நிலையில் இன்னொருவர் ஸ்டீல் டேப்பை வைத்து அளக்கட்டும். 320.5 வரை வந்திருந்தால் ஒரு சதவீதம் தேய்மானம். புதுச் செயினுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கலாம். 324 வந்துவிட்டால் இரண்டு சதவீதம்; அதை இனி ஓட்டக் கூடாது. மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது.

டேப் கையில் இல்லையென்றால், வீல் ஸ்ப்ராக்கெட்டின் பிற்பக்க நடுவில் செயினை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதி உயரம் தெரியும்படி செயின் எழும்பினால் செயினோ பல்லோ, பெரும்பாலும் இரண்டுமே, போய்விட்டன.

அடுத்து ஸ்ப்ராக்கெட். நல்ல பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் குடைந்து, நுனி கொக்கிபோல வளைந்து நிற்கும். பல்லின் பக்கவாட்டு முகத்தில் ஒரே பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை என்று பொருள். பழைய புல்லட்டில் வீல் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல் போனால் டிரம்மோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். செலவுக்குப் பயந்து பலரும் செயினை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். கொக்கி விழுந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது. சுமை எல்லாப் பல்லிலும் பரவாமல் ஓரிரு பல்லில் விழும். புதுச் செயின் பாதி ஆயுளுக்கு முன்பே நீண்டுவிடும். அந்தக் கணக்கில் டிரம்மை மாற்றுவதே மலிவு.

கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை டார்ச் அடித்து, பிற்பக்கத்திலிருந்து பாருங்கள். 350-இல் வழக்கமாக 16 பல், வீல் ஸ்ப்ராக்கெட்டில் 38. சிறிய சக்கரம் அதிகம் சுற்றுவதால் அதுதான் முதலில் தேயும். செயினைப் பிடித்து முன்னும் பின்னும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் தண்டில் கடகடவென்று ஆடினால் அதன் நட் தளர்ந்திருக்கிறது. அந்த இடம் மட்டும் புது எண்ணெயில் நனைந்திருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. இவற்றைச் சரிசெய்ய பிரைமரி கவரைத் திறந்து, கிளட்சையும் உள் கேஸையும் எடுக்க வேண்டும். அது தனி வேலை, தனிக் கருவிகள் கேட்கும் வேலை. செயின் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்து முடிவுசெய்துகொள்ளுங்கள். புதுச் செயினை மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

லிங்க் எண்ணும் கணக்கு

கடையில் "புல்லட் செயின்" என்று கேட்டால் பெட்டியில் வருவது உங்கள் வண்டிக்குச் சரியான நீளத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வீல் ஸ்ப்ராக்கெட்டோ கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டோ முன்பே யாராவது மாற்றியிருந்தால் எண்ணிக்கை மாறும். வண்டியில் இருக்கும்போதே ஒரு இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணுங்கள். பின்னுக்குப் பின் உள்ள ஒவ்வொரு இடைவெளியும் ஒரு லிங்க், லாக்கும் ஒன்று.

இரண்டு செயினையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நீளம் பார்த்து வெட்டுகிற பழக்கம் ஆபத்தானது. 100 லிங்க் செயின் புதிதில் 1587.5 மி.மீ. இரண்டு சதவீதம் தேய்ந்தால் 31.75 மி.மீ. கூடும், அது சரியாக இரண்டு லிங்க் நீளம். பழையதோடு சமமாக வைத்து வெட்டினால் புதியதில் இரண்டு லிங்க் அதிகமாகவே நின்றுவிடும். அதைச் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தும் அட்ஜஸ்டரால் இழுத்துச் சமாளித்தால், பின்னால் தேய்மானத்துக்கு இழுக்க இடமே மிஞ்சாது. எண்ணிப் பார்த்து வெட்டுவதுதான் ஒரே வழி.

ஒற்றைப்படை எண்ணிக்கை வந்தால் உங்கள் செயினில் எங்கோ வளைந்த தகடு உள்ள ஆஃப் லிங்க் ஒன்று இருக்கிறது. ஒரு உள் லிங்க், ஒரு வெளி லிங்க் என்று மாறி மாறி வரும் செயினில் இரட்டைப்படையில்தான் இரண்டு முனையும் ஒன்றுசேரும். ஒற்றைப்படைக்கு ஆஃப் லிங்க் தவிர வழியில்லை. செயினிலேயே பலம் குறைந்த இடம் அதுதான். அட்ஜஸ்டரில் இடமிருந்தால் இரட்டைப்படைக்கு மாறிவிடுவது நல்லது. இடமில்லை என்றால் ஆஃப் லிங்க்கையும் புதிதாகவே வாங்குங்கள். பழையதை எடுத்துப் புதுச் செயினில் போடாதீர்கள்.

குறைக்க வேண்டியிருந்தால், வெட்ட வேண்டிய வெளி லிங்க்கின் இரண்டு பின் தலைகளையும் கிரைண்டரில் தகட்டு மட்டத்துக்குத் தேய்த்துவிட்டு, செயின் கட்டரால் பின்னைத் தள்ளுங்கள். தலையைத் தேய்க்காமல் சுத்தியலால் அடித்து இறக்கினால் பக்கத்து புஷ் தகட்டிலிருந்து நகர்ந்துவிடும். அந்த லிங்க் பிறகு இறுகி நிற்கும். வெட்டிய பிறகு இரண்டு முனையிலும் ரோலர் உள்ள உள் லிங்க்கே இருக்க வேண்டும்.

செயின் தரத்தில் சிக்கனம் வேண்டாம். கோயம்புத்தூர் எல்ஜிபியின் ரோலான், அம்பத்தூர் டிஐயின் டயமண்ட் இரண்டும் நம்மூரிலேயே செய்யப்படுபவை, எளிதில் கிடைப்பவை. பெயர் இல்லாத பெட்டியில் வரும் செயின் முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே இழுவையைக் கேட்கத் தொடங்கும்.

கையில் வேண்டியவை

நல்ல நோஸ் பிளையர், சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், ஆக்சில் நட்டுக்கும் ஆங்கர் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர், ஸ்டீல் டேப், நாலு மீட்டர் நூல், சுண்ணாம்புக் கட்டி, ஒரு முழம் கட்டுக்கம்பி, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய், தகரத் தட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ், பனியன் வேஸ்ட், 90 நம்பர் கியர் ஆயில் கால் லிட்டர். இவற்றோடு புது லாக் செட் இரண்டு. ஒன்று மாட்ட, ஒன்று எப்போதும் டூல் பாக்ஸில் இருக்க.

ஸ்பேனரில் கவனம் வேண்டும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அளவு நட்டும் மில்லிமீட்டர் நட்டும் கலந்து கிடக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் கொஞ்சம் ஆட்டத்தோடு உட்கார்ந்தால் அழுத்தாதீர்கள். நட்டின் மூலை உருண்டுவிடும். அதற்குரிய அங்குல ஸ்பேனரைத் தேடிப் போடுங்கள்.

கழற்றுவது

சமமான, கெட்டியான தரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். மண் தரையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். புல்லட்டில் அதற்கென்றே தனி நெம்புகோல் இருப்பது வசதி. சாவியை எடுத்துவிடுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணி பிடித்துத் துடைப்பதை இன்றும் பார்க்க முடிகிறது. துணி பல்லில் மாட்டினால் விரலை விடுவிக்க நேரமே இருக்காது. சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். சுற்றும்போது டயரைப் பிடியுங்கள். கம்பிக்குள் கை போக வேண்டாம், ஸ்ப்ராக்கெட் பக்கம் இன்னொரு கை இருக்கவே கூடாது.

முதலில் செயினைத் தளர்த்துங்கள். பிரேக் ராடின் முனையில் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டைச் சில சுற்று விடுங்கள். பிரேக் தகடு சுழலாமல் பிடித்திருக்கும் ஆங்கர் நட்டைத் தளர்த்துங்கள். பிறகு ஆக்சில் நட். ஆக்சிலின் இரண்டு பக்கமும், நத்தை ஓடு போல விட்டம் கூடிக்கொண்டே போகும் வட்டத் தகடு ஒவ்வொன்று இருக்கும். விளிம்பில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கும். இதுதான் நத்தை கேம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள ஒரு முளையில் இந்தப் பள்ளங்களில் ஒன்று உட்கார்ந்துகொண்டு சக்கரம் முன்னால் வராமல் தடுக்கிறது. இப்போது எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குறி வைத்துக்கொண்டு, கேமை விட்டம் குறையும் பக்கம் திருப்பி, சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுங்கள். செயின் தொங்கும்.

இனி லாக்கைத் தேடுங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றி, லாக் வீல் ஸ்ப்ராக்கெட்டின் பிற்பக்கம், மூன்று மணி முள் நிற்கும் உயரத்துக்கு வரும்படி நிறுத்துங்கள். அங்கே இரண்டு பக்க லிங்க்கும் பல்லில் உட்கார்ந்திருப்பதால், லாக்கை எடுத்தாலும் முனைகள் துள்ளி விழாது. பழைய கிரீஸ் மூடியிருந்தால் லாக் எது என்றே தெரியாது. மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவிவிட்டுத் தேடுங்கள்.

கிளிப்புக்கு ஒரு முனை மூடியது, மறுமுனை பிளந்தது. நோஸ் பிளையரின் ஒரு தாடையைப் பிளந்த முனையின் நுனியில் வையுங்கள். மற்றதை அந்த முனைக்குப் பக்கத்தில் உள்ள பின்னின் உட்புறத்தில் வையுங்கள். மெதுவாக அழுத்தினால் கிளிப் மூடிய முனைப் பக்கமாக வழுக்கி விடுபடும். மேலே பெருவிரலால் மூடிக்கொள்ளுங்கள். துள்ளிப் போன கிளிப் மறுபடி கிடைப்பது அரிது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் கிளிப் வளைந்துவிடும். அது எப்படியும் மறுபடி பயன்படப்போவதில்லை என்றாலும், நெம்பும்போது டிரைவர் நழுவி உள்ளங்கையில் இறங்கும். அதனால் பிளையர்தான்.

கிளிப் போனதும் பக்கத் தகட்டை எடுத்து, லாக்கை வண்டியின் உட்பக்கமாகத் தள்ளி உருவுங்கள். இப்போது செயினுக்கு இரண்டு முனை: மேலே போவது, கீழே போவது. மேல் முனையில் புதுச் செயினின் ஒரு முனையை வைத்து, பழைய லாக்கை இரண்டுக்கும் நடுவில் போட்டு, பக்கத் தகட்டையும் கிளிப்பையும் முழுதாக மாட்டுங்கள். இது தற்காலிகம்தானே என்று கிளிப் இல்லாமல் விடக் கூடாது. கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் வளையும்போது தகடு கழன்றால் இணைப்பு உள்ளேயே பிரிந்துவிடும்.

கீழ் முனையைப் பிடித்து நிதானமாகப் பின்னோக்கி இழுங்கள். மேல் பாதையில் புதுச் செயின் முன்னோக்கிப் போய், உள்ளே வளைந்து, கீழே வெளிவரும். ஒருவர் இழுக்க, இன்னொருவர் புதுச் செயின் முறுக்கில்லாமல், மண்ணில் படாமல் மேல் வழியில் போகிறதா என்று பிடித்துக்கொடுப்பது நல்லது. செயின் கார்டின் விளிம்பில் தட்டினால் விடாப்பிடியாக இழுக்காமல் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இழுங்கள். இணைப்பு கீழே வந்ததும் பழையதைப் பிரித்துவிடுங்கள்.

பழைய செயினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கழுவி எண்ணெய் தடவி ஒரு பையில் வைத்தால், அடுத்த முறை நல்ல செயினைக் கழுவ எடுக்கும்போது அதைக் கோத்து உள்ளே விட்டுவைக்கலாம். கழுவியதும் அதே வழியில் திரும்ப இழுத்துக்கொள்ளலாம்.

செயின் ஏற்கெனவே அறுந்தோ உருவியோ வெளியே வந்துவிட்டதா? கட்டுக்கம்பியின் நுனியை உருண்டையாக மடக்கி, ஸ்ப்ராக்கெட்டின் மேல்வழியாக அதன் வளைவை ஒட்டி உள்ளே தள்ளுங்கள். கீழிருந்து இன்னொரு கொக்கிக் கம்பியால் அதைப் பிடித்து இழுங்கள். கம்பியின் மேல் முனையைச் செயினின் கடைசி ரோலர் வழியாகக் கோத்து, முறுக்கு தட்டையாக இருக்கும்படி அமுக்கி, கீழிருந்து இழுக்க வேண்டும். முதல் லிங்க் பல்லில் ஏறும் வரைதான் சிரமம். ஏறிவிட்டால் நியூட்ரலில் ஸ்ப்ராக்கெட் தானாகச் சுற்றிச் செயினை இழுத்துக்கொள்ளும்.

பழைய செயினையே மறுபடி போடுவதாக இருந்தால்

மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, இன்னொரு முறை சுத்தமான மண்ணெண்ணெயில் அலசுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறம், இணைப்புகளை எலும்பாகக் காயவைத்துவிடுவது மறுபுறம். காய்ந்ததும் ஒவ்வொரு லிங்க்காக விரலால் மடக்கிப் பாருங்கள். இறுகி நிற்கும் லிங்க், விரிசல் விட்ட தகடு, உடைந்த ரோலர், தகட்டிடுக்கில் செம்பொடி இவற்றில் எது இருந்தாலும் யோசிக்க வேண்டும். செம்பொடி என்றால் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் எண்ணெயே இல்லாமல் ஓடியிருக்கிறது. செயினைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தால் வில்லாக வளைந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள். மிக அதிகமாக வளைந்தால் அளவு என்ன சொன்னாலும் மாற்றிவிடலாம்.

எண்ணெய் போய்ச்சேர வேண்டிய இடம் ரோலருக்கு மேல் அல்ல, தகடுகளுக்கு இடையே. அதனால்தான் மேலே அப்பிய கிரீஸ் பயனில்லை. அது உள்ளே நுழையாது. தூசியைப் பிடித்துக்கொண்டு ரோலரையும் பல்லையும் தேய்க்கும். 90 நம்பர் கியர் ஆயிலைத் தட்டில் ஊற்றி, செயினை ஓர் இரவு அதில் கிடத்துங்கள். காலையில் ஆணியில் தொங்கவிட்டு வடித்து, வெளிப்புறத்தைப் பனியன் வேஸ்டால் துடைத்துவிடுங்கள். புதுச் செயினில் வரும் கம்பெனி கிரீஸைக் கழுவாதீர்கள். அது தயாரிக்கும்போதே உள்ளே ஏற்றப்பட்டது.

ஓ-ரிங் செயின் போட்டிருப்பவர்களுக்கு இந்த ஊறவைக்கும் முறை தேவையில்லை. அதில் எண்ணெய் உள்ளேயே அடைபட்டிருக்கிறது; இரும்பு பிரஷும் பெட்ரோலும் அந்த ரப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

லாக் மாட்டுவது

கீழ் முனையை வீல் ஸ்ப்ராக்கெட்டின் அடிவழியாகக் கொண்டுவந்து, முன்பு கழற்றிய அதே இடத்தில், இரண்டு முனையையும் அடுத்தடுத்த பல்லில் உட்காரவையுங்கள். பல்லே முனைகளைப் பிடித்துக்கொள்வதால் லாக் போட இரண்டு கையும் கிடைக்கும். எட்டவில்லை என்றால் சக்கரம் இன்னும் முன்னால் வர இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

புது லாக்கின் பின்களில் கியர் ஆயில் தடவி, சக்கரப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரும்படி நுழையுங்கள். கிளிப் வெளியே, கண்ணில் படும் பக்கம் இருக்க வேண்டும். பக்கத் தகட்டைப் போட்டு, பிளையரால் இரு பின்னிலும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். பின்னில் கிளிப் உட்காரும் பள்ளம் முழுதும் தெரிய வேண்டும். பள்ளம் பாதிதான் தெரிகிறது என்றால் தகடு இன்னும் இறங்கவில்லை. அந்த நிலையில் கிளிப்பை வலிந்து ஏற்றினால் அது பள்ளத்தின் விளிம்பில்தான் நிற்கும், ஓட்டத்தில் பறந்துவிடும்.

கிளிப்பின் திசைதான் உயிர். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். எதிரே வரும் கல்லோ, கார்டின் விளிம்போ தட்டினால் மூடிய முனையில் தட்டட்டும். பிளந்த முனையில் தட்டினால் கிளிப் திறந்துகொள்ளும். இதில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், லாக் நிற்கும் இடத்தைப் பொறுத்துத் திசை மாறித் தெரியும். மேல் பாதையில் செயின் எஞ்சினை நோக்கி ஓடுகிறது. அங்கே மூடிய முனை முன்னால். கீழ்ப் பாதையில் பின்னால். நாம் இப்போது லாக் போடும் வீல் ஸ்ப்ராக்கெட்டின் பிற்பக்கத்தில் செயின் மேல்நோக்கி ஏறுகிறது. ஆகவே மூடிய முனை மேலே. போட்ட பிறகு சக்கரத்தை ஓட்டும் திசையில் சுற்றி, லாக்கை மேல் பாதைக்குக் கொண்டுவந்து, மூடிய முனை எஞ்சினைப் பார்க்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

கிளிப்பை ஏற்ற, பிளையரின் ஒரு தாடை மூடிய முனையிலும், மற்றது பிளந்த முனைப் பக்கப் பின்னின் வெளிப்புறத்திலும் இருக்க வேண்டும். அழுத்தினால் "டிக்" என்று உட்காரும். நகத்தால் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. பிறகு அந்த லாக்கை மடக்கிப் பாருங்கள். பக்கத்து லிங்க்குகளைப் போலவே லேசாக மடங்க வேண்டும்.

இழுவையும் நேரும்

கேம் இரண்டையும் ஒரே அளவு பள்ளம் திருப்பிச் சக்கரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் மொத்த ஆட்டம் 25 முதல் 30 மி.மீ. இருக்கட்டும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைக் கால் சுற்று கால் சுற்றாகச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேதான் இந்த அளவை வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்தால் இறுகிய இடம் கம்பிபோல விறைக்கும்.

இறுகிய இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணத்தைப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒருமுறை இறுகினால் டிரம்மோ ஸ்ப்ராக்கெட்டோ மையம் விலகியிருக்கிறது. சக்கரம் சுமார் இரண்டரைச் சுற்று சுற்றினால்தான் இறுக்கம் திரும்ப வருகிறது என்றால் கோளாறு செயினில். ஏனெனில் 38 பல் சக்கரத்தில் 100 லிங்க் செயின் ஒரு முழுச் சுற்று வர அவ்வளவு ஆகும்.

ஏன் இந்த ஆட்டம் வேண்டும்? கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் ஸ்விங் ஆர்மின் கீலுக்கு முன்னால் இருக்கிறது. சக்கரம் மேலே ஏற ஏற இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் கூடும். ஸ்ப்ராக்கெட் மையம், கீல், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கம். அதனால் ஒருவரை வண்டியில் உட்காரவைத்தும் பார்த்துவிடுங்கள். அப்போதும் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும். டைட்டாக வைத்தால் சத்தம் வராது என்று நினைத்து இழுத்துவைப்பவர்களின் வண்டியில்தான் கியர்பாக்ஸ் பேரிங்கும் சீலும் முதலில் போகின்றன. கொஞ்சம் லூஸாக இருப்பது, டைட்டாக இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

சக்கரம் நேராக இருக்கிறதா என்பதற்குக் கேமின் பள்ளங்களை மட்டும் நம்ப முடியாது. இத்தனை வருடத்தில் ஒரு பக்க முளை தேய்ந்திருக்கலாம், ஒரு கேம் வேறு கம்பெனியாக இருக்கலாம். நூல் பிடித்துப் பாருங்கள். பின் டயரின் பிற்பக்கத்திலிருந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஸ்டாண்டில் தட்டாதபடி நூலை முன் டயர் வரை இழுங்கள். 350-இல் வழக்கமாக இரண்டு டயரும் 3.25-19. முன் சக்கரத்தை நேராக வைத்தால், நூல் பின் டயரில் இரண்டு இடம், முன் டயரில் இரண்டு இடம் தொட வேண்டும், இரண்டு பக்கமும். முன்பின் வேறு வேறு அளவு டயர் போட்டிருந்தால் முன் டயரில் இரு பக்கமும் ஒரே இடைவெளி விட்டால் சரி. விலகல் இருந்தால் ஒரு பக்கக் கேமை மட்டும் ஒரு பள்ளம் மாற்றிப் பாருங்கள். பிறகு இழுவையை மறுபடி அளக்க வேண்டும்.

நட்டை இறுக்கும்போது சக்கரம் கேமை விட்டு விலகிப் பின்னுக்கு நகர்ந்து நிற்பது வழக்கமான தொல்லை. ஒரு துணிச் சுருளைக் கீழ்ச் செயின் வீல் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் இடத்தில் வைத்து, சக்கரத்தை முன்னோக்கிக் கொஞ்சம் சுற்றினால் செயின் இறுகி, சக்கரத்தை முன்னால் இழுத்துக் கேமை முளையில் அழுந்த உட்காரவைக்கும். கையை எடுத்த பிறகே சுற்றுங்கள். அந்த நிலையில், ஒருவர் பிரேக் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, ஆக்சில் நட்டையும் அடுத்து ஆங்கர் நட்டையும் இறுக்குங்கள். பெடலை மிதிப்பதால் பிரேக் ஷூ டிரம்மின் நடுவில் சமமாக உட்காரும். துணியைப் பின்னோக்கிச் சுற்றி எடுத்துவிட்டு இழுவையை இன்னொரு முறை அளங்கள்.

பிரேக்கை மறக்க வேண்டாம்

புதுச் செயின் பழையதைவிடக் குட்டை. ஆகவே சக்கரம் முன்பு நின்ற இடத்தைவிட முன்னால் வந்திருக்கிறது. பிரேக் ராட் அந்த அளவுக்குத் தொளதொளத்துவிடும். செயின் மாற்றிய உற்சாகத்தில் அப்படியே கிளம்பினால் முதல் திருப்பத்தில் பெடல் தரைவரை போகும். ராட் நட்டை இறுக்கி, பெடலின் நுனி ஏறத்தாழ ஒரு அங்குலம் இறங்கியதும் பிரேக் பிடிக்கும்படி வையுங்கள். பெடலை விட்டதும் சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். பின்னாளில் செயின் தேய்ந்து சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும் இதற்கு நேர்மாறாக நடக்கும்: ராட் இறுகி, பிரேக் உரசி, டிரம் சூடாகும்.

ஓட்டிப் பார்த்த பிறகு

இரண்டு மூன்று கிலோமீட்டர் நிதானமாகப் போய்வந்து, லாக் கிளிப், ஆக்சில் நட், ஆங்கர் நட் மூன்றையும் பாருங்கள். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று வேகமாகவே தளரும். தகடுகளும் புஷ்களும் ஒன்றோடொன்று உட்காரும் காலம் அது. 100 கிலோமீட்டரிலும் 500-லும் இழுவை பார்த்துவிட்டால் பிறகு நிலைபெறும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே, கீழ்ச் செயினின் உள்புறத்தில் தகட்டிடுக்குகளில் கியர் ஆயிலைத் துளித்துளியாக விடுங்கள். உள்புறத்தில் விட்டால் சுற்றும் வேகம் எண்ணெயை வெளியே தள்ளும்போது அது இணைப்பு வழியாகவே போகும். வண்டி ஓடி, செயின் சூடாக இருக்கும் சாயங்காலத்தில் விட்டால் இன்னும் நன்றாக இறங்கும். இரவு முழுக்க ஊற நேரமும் கிடைக்கும்.

மாட்டிய பிறகு வரும் சத்தங்களில் சில நேராகவே காரணத்தைச் சொல்லும். வேகம் கூடக் கூட "ஊ" என்று இரைந்தால் இறுக்கம் அதிகம். மெதுவாகப் போகும்போது ஒரே தாளத்தில் "டக் டக்" என்றால் ஒரு லிங்க் இறுகியிருக்கிறது அல்லது லாக்கின் தகடு எதிலோ தட்டுகிறது. செயின் கார்டின் உட்புறத்தில் புதுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மட்டும் "தட்" என்று உதறினால் செயினைக் குறை சொல்வதற்கு முன், பின் ஹப்புக்குள் இருக்கும் குஷன் ரப்பரைப் பாருங்கள். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டினால் அது தாராளமாக ஆடும், ரப்பர் நசுங்கிப்போயிருக்கும். மேடு ஏறும்போது செயின் பல் தாண்டிக் குதித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது இழுவையால் சரியாகும் குறை அல்ல, ஸ்ப்ராக்கெட் முடிந்துவிட்டது. குதிக்கும் செயின் கழன்று கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டின் இடுக்கில் சுருண்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், பிரைமரி கேஸின் பின்சுவரும் உடையும்.